அறுபது நாள் டைரி, ஒரே நாள் கையெழுத்து

கிட்ட வந்து உட்காருங்கள். காலேஜ் பிள்ளைகளைக் கம்பெனிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிற வேலை, நாலு பேர் காதில் விழச் சத்தமாகச் சொல்லக்கூடிய வேலை இல்லை.

மைசூரில் ஒரு டிப்ளமோ காலேஜில் நான் அட்டெண்டர். எங்கள் ரூம் கதவில் பிளேஸ்மென்ட் செல் என்று பலகை தொங்கும். அதற்குப் பொறுப்பு நாகராஜ் சார். பரீட்சைக்கும் அவரே பொறுப்பு, ஸ்போர்ட்ஸுக்கும் அவரே, ரத்ததான முகாமுக்கும் அவரே. அதனால் கையெழுத்து அவருடையது, கால் என்னுடையது. நான் படித்தது அஞ்சாவது. ஆனால் ஹெப்பாள் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எந்த கேட் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த மேனேஜர் சாப்பிட்ட பிறகு நல்ல மனுஷனாக இருப்பார் என்று என்னைத்தான் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு நான் பிலோமி அம்மா.

நீங்களும் மகனுக்கோ பேத்திக்கோ ஏதாவது ஒரு கேட் முன்னால் கையில் கவரோடு நின்றவர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்கிறேன். இதில் பாதிப் பேச்சு கன்னடத்தில் நடந்தது. தமிழில் தருகிறேன், உப்பு குறைக்காமல்.

லெட்டருக்கு ஒரு லெட்டர்

எலக்ட்ரிகல் கடைசி வருஷத்தில் ஆறு பிள்ளைகள். ஒரு கம்பெனியில் அறுபது நாள் இருந்து வேலை பழக வேண்டும். தினம் ஒரு பக்கம் டைரி எழுத வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கம்பெனிக் கையெழுத்து, சீல். கடைசியில் ஒரு சர்டிஃபிகேட். இதெல்லாம் இருந்தால்தான் கடைசிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட். இல்லாவிட்டால் ஒரு வருஷம் போச்சு.

வண்டிகளுக்கு வயர் கட்டிக்கொடுக்கிற ஒரு கம்பெனிக்கு நாகராஜ் சார் லெட்டர் எழுதினார். மூன்று நாள் தூறலில் அந்த கேட்டுக்கு நடந்தேன். செக்யூரிட்டிக்காரர் கெட்டவர் இல்லை, குடையை வாங்கி உள்ளே வைத்தார். என்னை மட்டும் வைக்கவில்லை. லெட்டரையாவது உள்ளே கொடுங்கள் என்றால், பேர் போட்ட ஆள் இல்லாமல் லெட்டர் வாங்கக் கூடாதாம். ஆள் பேர் எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாள் அவரே பரிதாபப்பட்டு விளக்கினார்:

“உள்ள விடணும்னா உள்ளேருந்து ஒரு லெட்டர் வரணும்மா. அந்த லெட்டர் வேணும்னா நீங்க உள்ள போய்த்தான் கேக்கணும்.”

பேனர்

எப்படியோ அதே கம்பெனியில் இடம் கிடைத்தது. முதல் நாள் காலை எட்டரைக்குப் பிள்ளைகள் கம்பெனியில் கார்டு பஞ்ச் அடிக்க வேண்டும். ஏழு மணிக்கே ஆறு பேரும் டிபன் பாக்ஸோடு காலேஜ் வாசலில் நின்றார்கள். அங்கே பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். சேர்மன் கொடி அசைத்து அனுப்புவாராம், போட்டோ எடுப்பார்களாம். ஆறு பிள்ளைகள் டவுன் பஸ் ஏறிப் போவதற்கு என்ன கொடி?

சேர்மன் வந்தது ஒன்பதேகாலுக்கு. போட்டோவில் பேனர் சுருங்கியிருந்தது என்று இரண்டாவது தடவை கொடி அசைத்தார். பிள்ளைகள் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. முதல் நாளே ஆறு பேருக்கும் அரை நாள் ஆப்சென்ட். பிரின்சிபால் ரூமுக்குப் போய், ‘பிள்ளைகள் வேலை கெட்டுப் போச்சே சார்’ என்றேன். அவர் செல்போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“போறது இருக்கட்டும் பிலோமி, போனது நாலு பேருக்குத் தெரியணுமில்ல?”

அட்டை

இரண்டு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். வயர் நுனியில் பின் அடிக்கிற மிஷின் இருக்கிறது, கட்டி முடித்த வயரைச் சோதிக்கிற டெஸ்டிங் ரூம் இருக்கிறது. இரண்டிலும் நம் பிள்ளைகள் இல்லை. பின்பக்கம் ஷெட்டில் ஆறு பேரும் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷம் கரண்டு படித்த பிள்ளைகள். அவர்கள் வந்ததும் பெட்டி மடிக்கிற ஹெல்பர்களை நிறுத்திவிட்டார்களாம். அதையும் ஒரு ஹெல்பரம்மாதான் என் காதில் சொன்னாள், என் பிள்ளைகள் மேல் கோபத்தோடு.

ஆறு பேரில் ஒருத்தி மாதேவி. கோபிநத்தத்துப் பெண். காட்டு ஓரத்து ஊர், தமிழ் பேசுகிற குடும்பம். இங்கே ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். சத்தமே இல்லாத பிள்ளை, கண் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும். ‘டெஸ்டிங் ரூமுக்கு எப்ப விடுவீங்க’ என்று அவள் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். மறுநாளிலிருந்து அட்டையோடு சேர்த்து ஆபீசுக்கு டீ எடுத்து வருகிற வேலையும் அவளுக்கு.

ஹெச்.ஆர். சாரைப் போய்ப் பார்த்தேன். முப்பது வயசு இருக்கும், என் மகனைவிடச் சின்னவர். ‘இந்த வேலைக்கா சார் லெட்டர் கொண்டுவந்தேன்’ என்று கேட்டேன். நாற்காலி காட்டினார், தண்ணீர் கொடுத்தார், மரியாதையில் குறை சொல்ல முடியாது. பிறகு சொன்னார்:

“அட்டை மடிக்கிறதும் ஒரு ஸ்கில்தாம்மா. எங்களுக்கே அது வராது.”

குண்டலுபேட்டைக்காரர்

அந்த ஆறு பேரில் ஒரு பையனுடைய அப்பா குண்டலுபேட்டையில் காய்கறி மண்டி வைத்திருக்கிறார். தக்காளி லோடோடு மைசூர் வந்தவர், மகன் கம்பெனியில் இருக்கிற அழகைப் பார்க்க ஆசைப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றோம். மகன் தலைக்கு மேலே நாலு பெட்டி அடுக்கிச் சுமந்து லாரிக்குப் போனான். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அந்த மனுஷன் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். பஸ் ஸ்டாப் வரை கூட வந்தவர், பஸ் வந்த பிறகு கேட்டார்:

“எங்க மண்டியிலயும் பெட்டிதானுங்கம்மா தூக்குறான். அதுக்கு மூணு வருஷம் காலேஜ் எதுக்குங்க?”

வந்தவர்கள் கேட்ட கேள்வி

தசரா முடிந்த வாரம், அந்தக் கம்பெனியில் வயர் வாங்குகிற பெரிய இடத்திலிருந்து இரண்டு பேர் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அன்றைக்கு மட்டும் ஆறு பிள்ளைகளுக்கும் நீலக் கோட்டு மாட்டி டெஸ்டிங் ரூமில் நிறுத்தினார்கள். ‘எங்கள் டிரெய்னிகள்’ என்று ஹெச்.ஆர். சார் காட்டினார். வந்தவர்களில் ஒருத்தர் நல்ல மனசோடு மாதேவியிடம், ‘இங்கே என்னம்மா கற்றுக்கொண்டாய்’ என்று கேட்டுவிட்டார்.

மற்ற ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். இவள் அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னாள். வந்தவர்கள் சிரித்தார்களாம், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்களாம். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும், ‘உனக்கு இங்கேயிருந்து சர்டிஃபிகேட் வராது’ என்று ஹெச்.ஆர். சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்படி என்னடி சொல்லித் தொலைத்தாய் என்று கேட்டேன். அதே முகத்தோடு எனக்கும் சொன்னாள்:

“நிமிசத்துக்கு ரெண்டு பெட்டி மடிப்பனுங்க, ஆனா இந்த ரூமுக்குள்ள இன்னைக்குத்தான் வந்தனுங்கன்னு சொன்னேன். வேறென்னங்கம்மா சொல்றது?”

ஒரு சாரி

சர்டிஃபிகேட் இல்லையென்றால் ஹால் டிக்கெட் இல்லை. கடைசி வருஷம் நின்றால் ஹாஸ்டல் சீட்டும் இல்லை. ஹாஸ்டல் இல்லாமல் கோபிநத்தத்திலிருந்து தினம் மைசூருக்கு யாரால் வர முடியும்? படிப்பு அத்தோடு சரி. இதை நாகராஜ் சாரிடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவருக்கும் தெரியும். பேனாவைத் திறந்தார், மூடினார். நியாயம் கேட்டு ஒரு லெட்டர் எழுதுங்கள், நான் கொண்டுபோகிறேன் என்றேன். எத்தனை கேட் வேண்டுமானாலும் நிற்கிறேன் என்றேன்.

பதினேழு வருஷமாக அவருக்கு டீ ஊற்றிக் கொடுக்கிறேன். அன்றைக்குத்தான் ஊற்றக் கை வரவில்லை. அவர் சொன்னது இதுதான்:

“அந்தப் பொண்ண ஒரு சாரி சொல்லிட்டு வரச் சொல்லுங்க பிலோமி அம்மா, ஹெச்.ஆர். கேக்கறது அதுதான். நமக்கு அடுத்த வருஷமும் கம்பெனி வேணும்.”

ஒரே நாள் கையெழுத்து

இப்போது டைரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினம் கையெழுத்து என்பது விதி. வழக்கம் வேறு. அறுபதாம் நாள் எல்லா டைரியையும் அடுக்கி ஹெச்.ஆர். மேசையில் வைப்பார்கள். ஒரே மூச்சில் கையெழுத்து விழும். எந்தக் கம்பெனியிலும் ஒரு பக்கத்தை ஒருத்தர் படித்து நான் பார்த்ததில்லை. வாரக் கடைசியில் டிக் போடுகிற எங்கள் நாகராஜ் சாரும் படித்ததில்லை. அது தெரிந்து பிள்ளைகளும் போன வருஷத்து டைரியைப் பார்த்து எழுதிவிடுவார்கள். அந்தப் போன வருஷத்து டைரியும் அதற்கு முந்தின வருஷத்தைப் பார்த்து எழுதியதுதான். கம்பெனி பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமையில்கூட என் பிள்ளைகள் டெஸ்டிங் கற்றிருக்கிறார்கள்.

அறுபதாம் நாள் நான் அந்த ரூமில்தான் நின்றேன். ஒரே மாதிரி பழுப்பு அட்டை போட்ட ஆறு டைரி. ஹெச்.ஆர். சார் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாரிடமோ வீட்டுக்கு டைல்ஸ் எடுப்பதைப் பற்றிப் பேசினார். ஆபீஸ் அம்மா ஒருத்தி பக்கம் திருப்ப, அவர் கையெழுத்துப் போட, அவள் சீல் குத்தினாள். எந்த டைரி யாருடையது என்று பார்க்கவே இல்லை. முடிந்ததும் சர்டிஃபிகேட் கொடுத்தார். ஐந்து. ஆறாவதைக் கேட்டேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்:

“நாளைக்கு வாங்கம்மா.”

எது பொய்

ஐந்து நாள் அந்த நாளைக்குப் போனோம், நானும் மாதேவியும். சாரி சொல்லு என்று நான் அவளிடம் சொல்லவில்லை. டைரியும் சர்டிஃபிகேட்டும் காலேஜில் கொடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஆறாம் நாள் ஹெச்.ஆர். சார், ‘இன்னுமா சாரி வரலே?’ என்று சிரித்தார். மாதேவி பையிலிருந்து டைரியை எடுத்து அவர் முன்னால் திறந்து வைத்தாள். ‘ஒருக்கா படிச்சுப் பாருங்க சார்’ என்றாள்.

இங்கிலீஷில் எழுதியிருந்தாள். பிறகு எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னாள். மற்றவர்களைப் போல் அவள் போன வருஷத்தைப் பார்த்து எழுதவில்லை. மூன்றாம் நாள்: எண்ணூறு பெட்டி மடித்தேன். பத்தாம் நாள்: டெஸ்டிங் ரூம் சாவி யாரிடம் என்று கேட்டேன், டீ எடுத்துவரச் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை: கம்பெனி பூட்டு, ஹாஸ்டலில் துணி துவைத்தேன். தசரா நாள்: ஜம்பு சவாரி யானை ஊர்வலம் பார்க்கப் போனேன், கூட்டத்தில் யானையின் முதுகு மட்டும் தெரிந்தது. எல்லாப் பக்கத்திலும் அடியில், ‘எனது மேற்பார்வையில் நடந்தது’ என்று அச்சடித்த வரி. அதற்குக் கீழே அவர் கையெழுத்து, கம்பெனி சீல்.

அவர் பக்கம் திருப்பத் திருப்ப முகம் வெளுத்தது. இந்த டைரி காலேஜோடு நிற்காது. வெளியிலிருந்து வருகிற பரீட்சை அதிகாரி கையில் போகும். பயிற்சி என்று சொல்லி ஹெல்பர் வேலை வாங்கியதைக் கம்பெனியே ஒத்துக்கொண்ட மாதிரி அறுபது பக்கம். ‘இதெல்லாம் பொய். இங்க வெச்சுட்டுப் போ, வேற எழுதிக்கலாம்’ என்றார். மாதேவி டைரியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நான் எழுதுனது பொய்யிங்களா, நீங்க போட்ட கையெழுத்து பொய்யிங்களா சார்? எதுன்னு ஒரு தாளுல எழுதிக் குடுத்துருங்க, நான் போயிர்றனுங்க.”

பத்து நிமிஷத்தில் ஆறாவது சர்டிஃபிகேட் சூடாக வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் நின்று அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். படித்துவிட்டு மேசை மேலேயே திரும்ப வைத்தாள்.

“டெஸ்டிங்கில் பயிற்சி பெற்றார்னு இருக்குதுங்க சார். பெறலீங்களே. பத்து நாள் இருக்குது, ஆறு பேரும் வர்றோம். கத்துக்கிட்டப்புறம் நான் வாங்கிக்கிறனுங்க.”

வருஷம் பூரா ஒவ்வொரு கேட் முன்னாலும் நின்ற எனக்கும், சாரி கேட்ட எங்கள் சாருக்கும், கொடி அசைத்த சேர்மனுக்கும் தோன்றாத ஒன்றை அந்தப் பெண் செய்தாள்: நேரே டெஸ்டிங் ரூமுக்கு நடந்து போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டைரியில் பக்கம் தீர்ந்து போனதால் கடைசி அட்டையின் உள்பக்கம் கோடு போட்டு, ‘அறுபத்தொன்றாம் நாள்’ என்று எழுதி, பேனாவை மூடாமல் காத்திருந்தாள்.