ஒரே வயலில் இரண்டு கூலி

பாகூரைத் தாண்டித் தெற்கே நடந்தால் எந்த வரப்பில் புதுச்சேரி முடிகிறது, எந்த வரப்பில் தமிழ்நாடு தொடங்குகிறது என்று புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. சாராயம் தேடி அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மட்டும் இருட்டிலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். மற்றவர்களுக்கு அது ஒரே மண்தான்.

எனக்கு அப்போது ஏழு வயதிருக்கும். வயல்வேலைக்கு இதற்குக் குறைந்து கூலி கொடுக்கக்கூடாது என்று இரண்டு அரசாங்கமும் சொல்லியிருந்தன. நல்ல காரியந்தான். ஆனால் இரண்டும் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை. எங்கள் ஊர் இருந்த புதுச்சேரிப் பக்கத்தைவிட அந்த வருஷம் அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், கூலி கூடுதல்.

எங்கள் ஊர்ப் பெண்கள் வழக்கமாக நடவுக்குப் போகும் நிலம் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நிலத்துக்காரர் கெட்டவர் இல்லை, சட்டத்துக்குப் பயந்தவர். பயத்தில் அவராகவே ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

"அவங்கவங்க எந்த ஊர்லேருந்து வர்றீங்களோ, அந்த ஊரு கூலி."

ஒரே சேற்றில் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒரு வரிசை, அந்தப் பக்கத்துப் பெண்கள் ஒரு வரிசை என்று குனிந்து நட்டார்கள். ஒரு வரிசைக்கு ஒரு கூலி, பக்கத்து வரிசைக்கு வேறு கூலி. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ரேஷன் அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் ஊரைப் பார்த்துத்தான் கிடைத்தன, கூலி மட்டும் வேறு மாதிரியா இருக்கும் என்று நினைத்தார்கள்.

அம்மா பிறந்த ஊர் அந்தப் பக்கம். பேசிக்கொண்டே நடந்தால் போய்விடலாம். இருந்தும் பொங்கலுக்கும் சாவுக்கும் தவிர அம்மா அங்கே போனதில்லை. போகிறேன் என்று வாயெடுத்தால், எங்கள் வீட்டோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, "இன்னாத்துக்கு?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விக்கு அம்மாவிடம் எந்த வருஷமும் பதில் இருந்ததில்லை. இந்த வருஷம் இருந்தது.

"நடவு முடியிற வரிக்கும் எங்க வூட்ல இருந்துட்டு வர்றேன் அண்ணி. அங்கேருந்து வந்தா எனக்கும் அந்தக் கூலிதானே."

அத்தையால் மறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடம் கெட்டுவிடும் என்று என்னை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

அத்தை எனக்குத் தலைபின்னினால், இழுக்கிற இழுப்பில் புருவம் ரெண்டும் மேலே ஏறிக்கொள்ளும். மீனைப் போட்டு, முள்ளை நீயே பார்த்துக்கொள் என்பாள். அம்மாவின் பழைய புடவையைச் சுருட்டி வைத்துக்கொண்டு படுத்தேன். ஒரு நாள் அப்பாவிடம், இந்தச் சட்டம் எப்போது முடியும் என்று கேட்டேன். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு அம்மா வேண்டும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அத்தையோடு வயலுக்குப் போனேன். அத்தை எங்கள் ஊர் வரிசையில் நட்டாள். அம்மா பக்கத்து வரிசையில், தன் அக்காவோடு. கல்யாணமே ஆகாமல், பிறந்த வீட்டிலேயே தனியாக இருந்த பெரியம்மா அவள். இருவரும் தோளை இடித்துக்கொண்டு என்னமோ சொல்லிச் சிரித்தபடி நட்டுக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்தார்கள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

அன்றைக்குத்தான் ஜீப்பில் கூலி விசாரிக்கும் ஆபீசர் வந்தார். நிலத்துக்காரர் தன் ஏற்பாட்டைப் பெருமையாகவே விளக்கினார். ஆபீசர் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூலி ஆளுக்கு இல்லீங்க, மண்ணுக்கு. வயல் இந்தப் பக்கம் இருக்கு. யாரு எங்கேருந்து வந்து நட்டாலும் இந்தப் பக்கத்துக் கூலிதான்."

எங்கள் ஊர் வரிசை குலவையே போட்டுவிட்டது. அத்தை சேற்றுக் கையோடு ஆபீசரைக் கும்பிட்டாள். பிறகு அடுத்த வரிசையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"கேட்டியாடி? இனிமே இன்னாத்துக்கு அங்க? சாயங்காலம் மூட்டையக் கட்டிகினு வூடு வந்து சேரு!"

அவர்கள் நட்டிருந்த நாற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு நான் ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அம்மா என் தலையில் கைவைத்தாள். ஆனால் பார்த்தது பெரியம்மாவை.

"இந்த ஆபீசரு நடவு முடிஞ்சி வந்திருக்கக் கூடாதாக்கா?" என்றாள்.

கூடக் கிடைக்கிற கூலியை வேண்டாம் என்கிறாளே, அம்மாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று நினைத்தேன்.

சாயங்காலம் பெரியம்மா அம்மாவின் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல் வரை வந்தாள். மூட்டையைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். அம்மா நாலடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பெரியம்மா பின்னாலேயே வந்து என் அம்மாவை மறுபடியும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள் என்று எனக்குப் பயம். அம்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து, வேகவேகமாக வீட்டுப் பக்கம் இழுத்தேன்.