கடன் கிடைக்காத வீட்டுக்காரன்

சமையலறைக் கூரையைக் கரையான் தின்றுகொண்டிருப்பது, ஓடு ஒன்று அடுப்பின் மேல் விழுந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பார்க்க வந்த கான்ட்ராக்டர் உத்தரத்தில் ஸ்குரூடிரைவரைக் குத்தினார். கைப்பிடி வரை உள்ளே போனது.

"பதினெட்டாயிரம் வெள்ளி ஆகும். தள்ளிப் போடாதீங்க அண்ணே" என்றார்.

ஜெலுத்தோங்கில் எங்களுக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். அதன் கடனை என் மனைவியின் சம்பளத்தில் கட்டி முடித்திருந்தோம். சொந்த வீடு இருக்கும்போது அதன் மேல் கொஞ்சம் பணம் கிடைக்காதா என்று நினைத்தேன். ஆனால் கொரோனா சமயத்தில் நான் வேலை பார்த்த ஹோட்டல் மூடப்பட்டு, ஒன்பது மாதம் சும்மா இருந்தேன். கிரெடிட் கார்டுக்கும் கார் கடனுக்கும் கட்டவில்லை. காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு வேறு வேலை கிடைத்து எல்லாப் பாக்கியையும் அடைத்தேன். அத்தோடு தீர்ந்தது என்றிருந்தேன். மூன்று வங்கிகள் என் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தன. மூன்றாவது இடத்தில் இருந்த பையன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் லிட்டில் இந்தியாவில், துணிக்கடைக்கு மேல்மாடியில், கடன் வாங்கித் தரும் ஏஜெண்ட் ஒருவர் இருப்பதாக யாரோ சொன்னார்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். ஏஜெண்ட் காப்பி வாங்கிக் கொடுத்தார். பழைய ரெக்கார்ட் எதுவும் கேட்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது.

"சைன் பண்ணுங்க லா அண்ணே, நாளைக்கே காசு."

பேனாவை எடுத்துவிட்டேன். மனைவி காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, மலாயில் இருந்ததை வரி வரியாகப் படித்தாள்.

"இது கடன் பேப்பர் இல்லைங்க. ஜுவால் பெலி, விக்கிற பத்திரம். வீட்டை இவருக்கு வித்துட்டு நாம வாடகைக்கு இருக்கறதா எழுதியிருக்கு."

"அது சும்மா ஃபார்மாலிட்டி அக்கா" என்றார் ஏஜெண்ட்.

"அப்ப அந்த வரிய வெட்டிட்டுக் குடுங்க" என்றாள். அவர் சிரித்தார். வெட்டவில்லை. நாங்கள் இறங்கி வந்துவிட்டோம். பஸ்ஸில் அவள் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அடுத்த வாரம் ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போனோம். அவளோடு வேலை செய்யும் ஒருத்தி சொன்ன கூட்டுறவுச் சங்கம் அங்கே இருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணும் கணினியைத்தான் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, அந்த ஒன்பது மாசம் ஏன் கட்டல? என்ன ஆச்சு?"

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஹோட்டல் மூடியதிலிருந்து கார் போன காலை வரை சொன்னேன். அவள் அவசரப்படுத்தவில்லை.

"இதையே ஒரு லெட்டரா எழுதுங்க. பாக்கி அடைச்சதுக்கு பேங்க்ல குடுத்த கடிதம், ஆறு மாசச் சம்பளச் சீட்டு, எல்லாம் கொண்டாங்க. கேட்ட அளவு கிடைக்கும்னு சொல்ல முடியாது. நான் மேல அனுப்பறேன்."

கடிதத்தை மனைவி மலாயில் எழுதினாள். "என் தவறு" என்று நான் சொன்ன இடத்தில் "வேலை இழந்ததால்" என்று போட்டிருந்தாள். மாற்றச் சொன்னேன். மறுத்துவிட்டாள்.

பதினோராயிரம் கிடைத்தது. வட்டி கொஞ்சம் கூடுதல், என் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். ஓட்டுக்குப் பதில் தகரம் போட்டோம். சுவருக்குப் பூச்சு இன்னும் பாக்கி. மழை பெய்தால் சமையலறையில் பேசுவது காதில் விழாது, கத்தித்தான் பேச வேண்டும். அவள் உப்பு வேண்டுமென்று கத்துவாள், நான் புளியை எடுத்துக் கொடுப்பேன்.