மொனிட்டர் கடையில் எனக்கு வந்த கோபங்கள்

மொனிட்டர் விற்கிற வேலையில், தெரிந்ததைச் சொன்னால் வாங்க வந்தவருக்குக் கோபம், சொல்லாமல் இருந்தால் நமக்குப் பிரஷர். கண்டி டவுனில் ஒரு மாடிக் கடையில் சில வருடங்களாக இந்தப் பிரஷரோடுதான் நிற்கிறேன். புடவைக் கடையோ மருந்துக் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற எல்லாருக்கும் நான் சொல்லப்போவது விளங்கும்.

ஆம்பளை ஆள்

வத்தேகமவிலிருந்து ஒருவர், கேம் விளையாடுகிற தன் தம்பிக்கு மொனிட்டர் வாங்க வந்தார். என்ன கேம், கம்பியூட்டரில் என்ன கிராபிக்ஸ் கார்ட் என்று கேட்டேன். அவர் என் தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்து, ஆம்பளை ஆள் யாரும் இல்லையா என்றார். இருந்தார். லப்டொப் திருத்துகிற ரிஸ்வான். கூப்பிட்டேன்.

ரிஸ்வான் எதையும் கழற்றிப் பூட்டிவிடுவார். மொனிட்டர் பேச்சு வந்தால் மட்டும் என் முகத்தைப் பார்ப்பார். அன்றைக்கும் என்னைத்தான் கேட்டார். வேகமான கேமுக்குப் படம் சட்டென்று மாறுகிற திரை வேண்டும், ஆனால் கார்ட் பழையது என்றால் அந்த வேகம் கிடைக்காது, காசு வீண் என்று ரிஸ்வானுக்குச் சொன்னேன். அதை அப்படியே ரிஸ்வான் அவருக்குச் சொன்னார். மூன்று பேரும் ஒரே கவுண்டரில் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறோம். அவர் தம்பிக்குப் போன் எடுத்து விசாரித்துவிட்டு, நான் சொன்ன மொனிட்டரையே வாங்கினார். பெட்டியைத் தூக்கும்போது என்னிடம் சொன்னார்: "விசயம் தெரிஞ்ச ஆளோட பேசுனா வேலை சுருக்கா முடிஞ்சிரும், பாத்தீங்களா?"

கண்ணாடி போட்டவர்

ஒரு ஒபிசிலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பேச்சில் யாழ்ப்பாணம் தெரிந்தது. கூடவே தட்டச்சு செய்கிற ஒரு பெண். தடித்த மூக்குக் கண்ணாடி. நாள் முழுக்கக் கணக்குத் தாள்களைப் பார்க்கிற வேலை என்றும், பின்னேரமானால் தலை வெடிக்கிறது என்றும் அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

நான் எழுத்து தெளிவாகத் தெரிகிற, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பெரிய திரையொன்றைப் போட்டுக் காட்டினேன். அந்தப் பெண் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்தார். கண்ணைச் சுருக்காமல் வாசித்தார். அதிகாரிக்கும் திரை பிடித்துப்போனது. அதைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டார். நாளுக்கு எத்தனை ஈமெயில் பார்ப்பார் என்று கேட்க வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தப் பெண்ணுக்கு மூலையிலிருந்த சின்னதைக் கை காட்டினார். இவருக்குத்தானே பெரியது தேவை என்று நான் கேட்டேவிட்டேன். அதிகாரி கோபிக்கவும் இல்லை. ஆறுதலாகவே சொன்னார்: "அவ கண்ணாடி போட்டிருக்கிறாதானே, அவக்குச் சின்னதே காணும்."

பிலிமத்தலாவை ஆல்பம்

செல்வம் அண்ணன் பிலிமத்தலாவையில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண போட்டோதான் பிழைப்பு. அவர் மொனிட்டர் வாங்க வந்த அன்று நான் லீவு. முதலாளியே விற்றிருக்கிறார். விற்றது, கேம் விளையாடுகிறவர்களுக்கென்று வந்து யாரும் வாங்காமல் கிடந்த ஒரு திரை. நிறங்களை அள்ளி வீசும். பார்க்கிறவர் வாயைப் பிளப்பார். போட்டோ வேலைக்கு இதைவிட நல்லது இல்லை என்று சொல்லியே கொடுத்திருக்கிறார்.

பிறகு ஒரு நாள் செல்வம் அண்ணன் ஒரு ஆல்பத்தோடு படியேறி வந்தார். திறந்து பார்த்தேன். மணப்பெண்ணின் கூறைச் சேலை காய்ந்த செங்கல் நிறம். முகத்தில் இரத்தமே இல்லை. சுகமில்லாத பிள்ளையைப் பிடித்து மணவறையில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. திரை சிவப்பைக் கூட்டிக் காட்ட, படத்தில்தான் சிவப்பு அதிகம் என்று நினைத்து மனுஷன் ஒவ்வொரு படத்திலும் குறைத்திருக்கிறார். பெண் வீட்டார் ஆல்பத்தை வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள்.

முதலாளி, அச்சடித்த இடத்தில் பிழை என்றார். செல்வம் அண்ணனின் பென் டிரைவை வாங்கி, நிறத்தை உள்ளபடி காட்டுகிற வேறொரு திரையில் அதே படத்தைப் போட்டேன். ஆல்பத்தைப் பக்கத்தில் பிடித்தேன். அதே செங்கல், அதே வெளிறிய முகம். அச்சில் பிழை இல்லை, நாம் கொடுத்த திரையில்தான் பிழை என்று, கடையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தது.

வேலை போகவில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் முதலாளி சிரித்தபடி திரையை மாற்றிக் கொடுத்தார். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டே, படங்களைத் திரும்பச் சரிசெய்து புது ஆல்பம் போட்டுக் கொடுக்கலாம்தானே என்றேன். பெண் வீட்டில் அடுத்து நடக்கவிருக்கும் கல்யாணத்தை வேறு ஸ்டூடியோவுக்குக் கொடுத்துவிட்டார்களாம். பிலிமத்தலாவை பஸ்ஸில் ஏறினாலே ஆல்பக் கதை காதில் விழுகிறதாம். செல்வம் அண்ணன் சத்தம் போடாமல்தான் சொன்னார்: "ஆல்பத்த திரும்ப அடிச்சுக் குடுத்துருவேன் தங்கச்சி, எம் பேர எங்க கொண்டுபோயி அடிக்கிறது?"

அட்டை

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டு, எந்தத் திரை எதற்கு என்று அட்டை எழுதி வைக்கச் சொன்னார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். ஒவ்வொரு திரையையும் போட்டுப் பார்த்து, போட்டோவுக்கு, கேமுக்கு, ஒபிஸ் வேலைக்கு என்று தமிழிலும் சிங்களத்திலும் அழகாக எழுதி ஒட்டினேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தால், செல்வம் அண்ணன் திருப்பித் தந்த அதே திரை, துடைத்துப் பளபளவென்று வாசலுக்கு நேரே நிற்கிறது. போட்டோ, கேம், ஒபிஸ் என்ற மூன்று அட்டைகளும் அதன் மேல். நான் போய்ப் போட்டோ அட்டையைக் கிழித்து எடுத்தேன். முதலாளி தேத்தண்ணீரைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்குவமாக எனக்கு விளக்கினார்: "எல்லாத்துக்கும் நல்லம்னு போட்டா, வாங்க வாறவனுக்கு யோசிக்கிற கஷ்டம் இல்லதானே?"

நிறத்தை உள்ளபடி காட்டுகிற திரைக்கு எங்கள் கடையில் வாரண்டி உண்டு, உள்ளதைச் சொல்கிற வாய்க்குத்தான் இல்லை.