மண்டபத்திலிருந்து குதித்த விதம்

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குத் தூத்துக்குடியில் கப்பல்களின் அடிப்பாகத்தை முங்கிப் பார்க்கும் வேலை. ஒரு கோடை மதியம் தாசில்தார் ஜீப் அனுப்பினார். தாமிரபரணிக் கரைக் கல்மண்டபத்தின் மேலிருந்து காலையில் பாய்ந்த கல்லூரி மாணவன் எழும்பவே இல்லை. சாயங்காலம் அணையைத் திறக்கிறார்கள். அதற்குள் எடுக்காவிட்டால் உடல் எங்கே ஒதுங்குமென்று சொல்ல முடியாது.

கரையெல்லாம் கூட்டம். பாதிப்பேர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். கீழே முள்ளும் சேறும்; நானும் மண்டபத்தின் மேலிருந்துதான் இறங்க வேண்டும்.

கயிற்றில் கல் கட்டி ஆழம் பார்த்தேன். ஊரே பாய்கிற இடத்துக்கு நேர் கீழே, கலங்கல் தண்ணீருக்குள், உடைந்த தூண் ஒன்று கிடந்தது. அதன் மேலே ஆளுயரத் தண்ணீர்கூட இல்லை. கோடையில் ஆறு வற்றும் என்பதுகூடவா இந்த வீரர்களுக்குத் தெரியாது? பக்கத்தில் கசம், அதாவது ஆழமான மடு, தட்டுப்பட்ட இடமாகப் பார்த்து நகர்ந்து நின்றேன்.

முதுகில் சிலிண்டரோடு தலைகீழாகப் பாய்ந்தால் அது பின்மண்டையைப் பதம் பார்க்கும், முகக்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போகும். அதனால் ஒரு கையால் கண்ணாடியையும் வாயிலிருந்த மூச்சுக்குழாயையும் அழுத்திப் பிடித்து, மறு கையை இடுப்பிலிருந்த ஈய பெல்ட்டில் வைத்தேன். கீழே குனியாமல் எதிர்க்கரையைப் பார்த்தபடி ஒரு காலை அகல எடுத்துவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

"பொம்பளைக கெணத்துல குதிக்க மாதிரில்லா நிக்கான்," என்றது ஒரு குரல். கரையே சிரித்தது. செத்தவனின் அப்பா, பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர், அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நின்றார். தாசில்தாரோ, பாய்ந்து போனால் சீக்கிரம் முடியுமே என்று எனக்கு யோசனை சொன்னார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மூச்சுக்குழாய் விழுந்துவிடும். காலை எடுத்து வைத்தேன்.

கசத்தின் அடியில் பையன் கிடந்தான். நெற்றி பிளந்திருந்தது. அணை திறக்குமுன்னே கரை சேர்த்துவிட்டேன்.

அப்பா மகனின் முகத்தைத் துண்டால் துடைத்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, தலைகீழாத்தான பாஞ்சிருக்கான்?"

"ஆமா, அண்ணாச்சி."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டியளா? எம் மவன் பயந்து ஒண்ணும் குதிக்கல."

சிரித்த அத்தனை பேரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.