அக்காவுக்கும் விசா வந்திருந்தது

என் அக்காவுக்கும் விசா வந்திருந்தது. வரவில்லை என்று அவளிடம் சொன்னவள் நான்.

எங்கே தொடங்கினாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது சரியாகத்தான் இருக்கும்...

அரசு மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிரசவ வார்டில் என் குரல் கேட்டால் பயிற்சி டாக்டர்கள்கூட ஓரமாகப் போவார்கள். அந்த வாய்க்கு இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வரவில்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டுப் பிழைத்த குடும்பம். அக்கா தனம் நாற்றுப் பறித்தாள், நட்டாள், களை எடுத்தாள். அந்தக் கூலியில்தான் நான் நர்சிங் படித்தேன். கல்யாணமான சில மாதங்களிலேயே அவள் புருஷன் வயலில் பாம்பு கடித்துச் செத்துப்போனார். பிள்ளை இல்லை. என்னோடு வந்துவிட்டாள்.

என் மகன் கார்த்தியை வளர்த்தது அவள்தான். எனக்குப் பெரும்பாலும் இரவு டூட்டி. என் கணவருக்கு வெளியூர் வேலை. பேச ஆரம்பித்தபோது பிள்ளை அவளை ‘அம்மா’ என்றான். என்னை ‘டூட்டியம்மா’ என்றான். தெருவே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்... உள்ளே வெந்துகொண்டிருந்தேன். பிறகு அவளைப் பெரிம்மா என்று கூப்பிடப் பழக்கினோம். ஆனால் காய்ச்சல் வந்தால் அவன் தேடியது அவளைத்தான்.

அந்தக் கார்த்தி இப்போது அயர்லாந்தில் இருக்கிறான். மருமகள் முழுகாமல் இருந்தபோது, “ரெண்டு பேரும் கண்டிப்பா வாங்க” என்று அழைத்தான். என் கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். தஞ்சாவூரில் ஒரு ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தோம். கைரேகை கொடுக்கச் சென்னையில் விசா மையத்துக்குப் போனோம்.

எனக்கு உடனே முடிந்தது. அக்காவின் விரலை மட்டும் அந்த இயந்திரம் ஏற்கவே இல்லை. அங்கிருந்த பெண் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னாள், அழுத்தி வைக்கச் சொன்னாள், ஈரத்துணி கொடுத்தாள்.

“நாத்துப் புடிச்ச கைம்மா. ரேகையெல்லாம் சேத்தோட போயிடுச்சு” என்றாள் அக்கா, ஏதோ தப்புச் செய்துவிட்டவள் மாதிரி. ஒருவழியாக விழுந்தது. திரும்பி வரும்போது ரயிலில் அவளுக்கு ஒரே கேள்வி. அங்கே வருஷம் பூராவும் மழையாமே, அப்படியானால் நெல் போடுவார்களா? ஆடுதுறை விதை கொஞ்சம் எடுத்துப் போகலாமா? பக்கத்து இருக்கைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கும் அன்றைக்கு அவள்மேல் பாசம்தான் இருந்தது. நம்புங்கள்!

பாஸ்போர்ட் வந்துவிட்டதாக ஏஜென்ட் கூப்பிட்டபோது நான் மட்டும் போனேன். இரண்டு பேருக்கும் விசா ஒட்டியிருந்தது. பேருந்து நிலையத்தில் நின்றபடியே பயணத்தைக் கணக்குப் போட்டேன். அக்காவுக்குக் கம்பளிச் சட்டை வாங்கவேண்டும், கால் உறை வாங்கவேண்டும், ஜன்னல் ஓரத்தில் அவளை உட்காரவைக்கவேண்டும். அப்போதுதான் கார்த்தியின் போன் வந்தது.

“அம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கொழந்த பொறந்ததும் பெரிம்மாதான் சேனை வைக்கணும். அவங்க கொணம் வரணும்னு எனக்கு ஆசை.”

பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைத்தான் சேனை என்போம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. சர்க்கரைத் தண்ணீரோடு வந்த எத்தனையோ கிழவிகளை, “வயித்துக்குள்ள கிருமி போவும், எடுத்துட்டுப் போங்க” என்று வார்டிலிருந்து விரட்டியவள் நான். எனக்கு அதில் துளி நம்பிக்கையும் கிடையாது. பிறகு ஏன் அந்த வார்த்தை என்னை அப்படிச் சுட்டது? பெற்றது நான், படிக்கவைத்தது நான்... என் குணம் வேண்டாமா அவனுக்கு?

“விசா வந்துச்சாம்மா?” என்றான்.

“இன்னும் வரலப்பா” என்றேன். கையில் இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன.

வீட்டுக்கு வந்தபோது மருமகளுக்கென்று அக்கா பிரசவ லேகியம் கிளறிக்கொண்டிருந்தாள். வாசல்வரை சுக்கு வாசனை. கரண்டியைக் கீழே வைக்காமலே, “என்னடி ஆச்சு?” என்றாள்.

“எனக்கு வந்துடுச்சுக்கா. உனக்குத்தான்... கைரேகை சரியா விழலையாம். கொடுக்கமாட்டேன்னுட்டாங்க.”

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. தானாக வந்தது. எந்தக் கை என்னைப் படிக்கவைத்ததோ அந்தக் கையின்மேலேயே பழியைப் போட்டேனே, நான் என்ன பிறவி?

அவள் அடுப்பை அணைத்தாள். உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “மெஷினுக்கு என்னடி தெரியும் பாவம்” என்றாள். லேகியச் சட்டியை மூடிவிட்டு, “தம்பிகிட்ட இதச் சொல்லாத. சங்கடப்படுவான்” என்றாள்.

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று எனக்குத் தெரியும். கார்த்தியிடம், பெரிம்மாவுக்கு விமானம் என்றால் பயம், நீ கேட்டால் அழுவாள், கேட்காதே என்றேன். அவனும் கேட்கவில்லை. இருவரும் போனில் உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவர்களுக்குள் இருந்த பாசத்தை வைத்தே என் பொய்யை மூடிவிட்டேன்.

கிளம்பும் நாளில் லேகியப் பாட்டிலைத் துணியில் சுற்றி என் பையில் வைத்தாள். “புள்ள பொறந்ததும் நீயே சேனை வையி. ஒன் படிச்ச புத்தி வரட்டும்” என்றாள். கார்த்தி கேட்டது அவளுக்குத் தெரியாது. கார் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டே நின்றாள். ஒரு வார்த்தை... இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்போதும் நேரம் இருந்தது.

சேனை வைத்தேன். பேத்தி முகத்தைச் சுளித்து அழுதாள். “பெரிம்மா வந்திருக்கலாம்” என்றான் கார்த்தி, குழந்தையைப் பார்த்தபடி. ஆமாம்பா என்றேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அங்கே இருந்த நாட்களில் ஒரு வேளைச் சோறுகூட எனக்கு நிம்மதியாக இறங்கவில்லை.

திரும்பி வந்து பார்த்தால், புருஷன் வழியில் தன் பேருக்கு வந்த கொஞ்ச நிலத்தை அக்கா குத்தகைக்கு விட்டிருந்தாள். நடவு என்றால் முதல் ஆளாகச் சேற்றில் இறங்குகிறவள், வரப்பில்கூடக் கால் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“சேத்துல கை வைக்காம இருந்தா ரேகை திரும்பி வந்துடுமாம். சொன்னாங்க” என்றாள். தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் தேங்காய் எண்ணெய் எடுத்துவைத்து, டிவி பார்த்துக்கொண்டே விரல் விரலாகத் தேய்க்கிறாள்.

இப்போதாவது சொல்லித்தொலையேன் என்கிறீர்கள். அக்காவுக்குப் பயந்து அல்ல நான் மறைப்பது. அவள் மன்னித்துவிடுவாள். கார்த்தி மன்னிக்கமாட்டான். மிச்சமிருக்கிற மகனையும் இழக்க எனக்குத் துணிச்சல் இல்லை. இவ்வளவுதான் என் யோக்கியதை. அவளுடைய பாஸ்போர்ட் என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதிலிருந்த விசா காலாவதியாகிவிட்டது.

போன வாரம் கார்த்தி மறுபடியும் கூப்பிட்டான். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு வரவேண்டுமாம். அன்று சாயங்காலம் அக்கா எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் பத்து விரலையும் விரித்து நீட்டினாள்.

“நீ நர்சுதானே, நல்லாப் பாத்துச் சொல்லு. இப்பவாச்சும் மெஷின் ஏத்துக்குமா?”

கையை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தேன். காய்ப்பெல்லாம் போயிருந்தது. ஒவ்வொரு விரலிலும் ரேகை தெளிவாக இருந்தது.

“இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்க்கா” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தை மறுபடி எடுத்தாள்.