எதிர்ப்பக்கம் ஓடிய ஆறு

என் கணவர் திருச்சிக்காரர். காவிரியைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் மீள முடியாது. லீவு கிடைத்தால் ஆற்றோரமாகச் சைக்கிள் ஓட்டுவதுதான் எங்களுக்குச் சுற்றுலா. மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை ஒருமுறை ஓட்டியிருக்கிறோம். அத்தனை நாளும் அவர் முன்னால், நான் பின்னால். தீவில் ஹேடோ குவார்ட்டர்ஸில் பிறந்து, மின்னி பே கடலோரத்தில் வளர்ந்தவளுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும் என்பது அவர் கட்சி.

இந்த வருஷம் கல்போங் ஆற்றை நான்தான் தேர்ந்தெடுத்தேன். எங்கள் தீவிலும் ஆறு உண்டு என்று காட்டவேண்டும், அந்த வீம்புதான். எங்கள் ஊர் ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் சைக்கிள்களோடு கப்பல் ஏறி மாயாபந்தரில் இறங்கி, மூன்று நாள் மேடும் பள்ளமுமாக மிதித்து டிக்லிபூர் சேர்ந்தோம். நான்காம் நாள் ஆற்றோரமாகவே ஏரியல் பே ஜெட்டிக்குப் போய் ஊர் திரும்பும் இரண்டு மணிக் கப்பலைப் பிடிக்கவேண்டும். அதை விட்டால் அடுத்த கப்பல் மூன்று நாள் கழித்து. அவருக்கோ மறுநாள் டியூட்டி, லீவு ஒன்றுகூட மிச்சமில்லை.

பாக்குத் தோட்டங்களைத் தாண்டி ஆற்றங்கரையை எட்டியதும் மண்பாதை இரண்டாகப் பிரிந்தது. வானம் மூடியிருந்தது. போனில் சிக்னல் இல்லை, கேட்க ஆளும் இல்லை. அவர் தண்ணீரைப் பார்த்தார். அது இடது பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி போற பக்கம் போனா கடல். இதுக்கு மேப் எதுக்கு?" என்றார்.

நான் கரையிலிருந்த அலையாத்தி வேர்களைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே வேரில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து வெளுத்திருந்தது. இறங்குகிற தண்ணீராக இருந்தால் ஈரக்கோடு விட்டிருக்கும்.

"ஏங்க, இது ஜுவார். கடல்தண்ணி உள்ள ஏறிட்டு இருக்கு. ஆறு இப்போ பின்னாடி ஓடுது. நாம வலது பக்கம் போகணும்."

"ஆத்தங்கரையில பொறந்தவனுக்கு நீ ஆறு சொல்லித் தர்றியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாதம் பண்ண நேரமில்லை. ஹேண்டில்பாரை வலது பக்கம் திருப்பி மிதித்தேன். கொஞ்ச தூரம் வரை பின்னால் சத்தமே இல்லை. தப்பாகப் போனால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். அப்புறம் அவர் சைக்கிள் செயினின் கரகரப்பு கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலைந்து வளைவு கழிந்தபோது மரங்களுக்கு நடுவே கப்பலின் புகைபோக்கி தெரிந்தது. மணி ஒன்றரைகூட ஆகவில்லை.

ஜெட்டியில் டிக்கெட் பார்த்த ஊழியர் எங்கள் மேல் அப்பியிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, எந்த வழியாக வந்தீர்கள் என்று அவரிடம் இந்தியில் கேட்டார்.

"முஜே நஹீ மாலூம். இன்ஸே பூச்சியே," என்றார் என் கணவர், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி. எனக்குத் தெரியாது, இவங்களைக் கேளுங்க என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

பெருமையில் எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில், வழி கேட்டவருக்கு அவர் என்னைக் காட்டியது அதுதான் முதல் தடவை.