ரத்னம்மா தொக்கு: ஒரு லேபிள் வேலை

1. பூ வளையம்

கிருஷ்ணப்பா அண்ணன் ப்ரூஃப் தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

"ஏம்மா, உசுரோட இருக்கறவளுக்கு மால போட்டு வெச்சிருக்கறியே" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே அது கண்ணில் பட்டது. மாங்காய்த் தொக்கு பாட்டிலுக்கான லேபிள் அது. வேப்பனப்பள்ளிப் பக்கம் அவருக்கு மாந்தோப்பு. தொக்கு செய்வது அவர் மனைவி ரத்னம்மா. முன்பக்கத்தில் அவர் படம் வர வேண்டும் என்று போட்டோ கொடுத்திருந்தார்கள். நான் அதை முட்டை வடிவத்தில் வெட்டி, சுற்றிலும் மாம்பூவும் இலையுமாக ஒரு வளையம் வரைந்திருந்தேன். உச்சியில் அழகுக்கு ஒரு குட்டி மாம்பழம். ஸ்க்ரீனில் பார்க்கும்போது அது நல்ல பார்டர். தாளில் எடுத்துக் கையில் பிடித்தால், வீட்டுச் சுவரில் மாலையோடு மாட்டியிருக்கும் இறந்தவர் படம். அந்த மாம்பழம்கூட, படத்துக்கு மேலே எரியவிடும் சின்ன பல்பு மாதிரியே இருந்தது. நம் வீடுகளில் உயிரோடு இருப்பவர் படத்துக்கு யாரும் பூச் சுற்ற மாட்டார்கள். எனக்குத் தெரியாத விஷயமா இது? டிசைனாகப் பார்த்ததில் மறந்துபோனேன்.

எங்கள் ஓனர் மஞ்சுநாத் சார் பெங்களூர் பார்ட்டி ஒருவரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தவர், "ஆய்த்து சார், நாளெ கொடுத்தீனி" என்று, நாளைக்குத் தருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணா, புதுப் பொண்ணு. தெரியாம பண்ணிருச்சு. இப்பவே மாத்திக் குடுத்துடறோம்."

"வேணாங்க. நான் வேற எடத்துல பாத்துக்கறன்."

போகும்போது அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதை அங்கேயே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் போனதும் சார் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். "அந்தம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல செல்வி. புத்துநோய். பெங்களூர்ல ட்ரீட்மென்ட் ஓடுது. உங்கிட்ட நான் சொல்லலியா?"

"சொல்லல சார்."

"சொல்லியிருக்கணும்" என்றார். வேறு எதுவும் திட்டவில்லை.

2. நான் இந்த வேலைக்கு வந்தது

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டேன். அப்பா கிரானைட் குவாரியில் காலை உடைத்துக்கொண்டு படுத்த வருஷம் அது. ஓசூர் சிப்காட் பக்கம் இருக்கும் இந்தச் சின்ன பிரிண்டிங் யூனிட்டில் அட்டைப்பெட்டி மடித்து ஒட்டும் மேசையில்தான் முதலில் உட்கார்ந்தேன். ஒட்டிக்கொண்டே பெட்டியில் இருப்பதையெல்லாம் படிப்பேன். ஏன் இந்த எழுத்து இங்கே வருகிறது, ஏன் இந்தப் பக்கம் மட்டும் அச்சு இல்லாமல் விடுகிறார்கள் என்று யோசிப்பேன். (அச்சு இல்லாத இடம் பசை தடவுவதற்கு.) ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கோரல் டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டேன். டிசைன் செய்துகொண்டிருந்த எங்கள் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பெங்களூருக்கு வேலை மாறிப் போனபோது, ஆள் கிடைக்கிற வரைக்கும் உட்காரு என்றார் சார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கத் தெரியாது. பஸ் ஏறிய பிறகு, சைவ உணவுக்கான பச்சைப் புள்ளியைப் போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வரும். சாருக்குப் போன் அடிப்பேன். "போட்டிருக்கற, தாயே, போட்டிருக்கற. வீட்டுக்குப் போ" என்பார்.

இப்போது வார இறுதியில் ஒரு டிசைன் வகுப்புக்கும் போகிறேன். கூடப் படிப்பவர்கள் பெரும்பாலும் காலேஜ் முடித்தவர்கள். புதிதாகச் சேருகிறவர்கள் படிப்பதற்காக, பேக்கேஜிங் வேலையில் நீங்கள் கற்றதை எழுதுங்கள் என்று எங்கள் மேடம் சொன்னார். வேறு வேலைகளைப் பற்றியும் எழுதலாம்தான். எழுத உட்கார்ந்தால் இது ஒன்றுதான் வருகிறது.

3. தலையில் துண்டு

கிருஷ்ணப்பா அண்ணன் போன பிறகு அந்த வாரம் முழுக்க என் மனசு அதிலேயே கிடந்தது. வேறு பிரஸ்ஸில் கொடுத்திருப்பார், நம்மைப் பற்றி என்னவெல்லாம் சொன்னாரோ, அந்தம்மா காதுக்கு இது போயிருக்குமோ என்று ஒன்று மாற்றி ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது.

பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஓசூரில் இறங்கி, ரத்னம்மாவே நேராக வந்தார். மெலிந்த உடம்பு. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து விட்டிருந்தார். பின்னாலேயே கிருஷ்ணப்பா அண்ணன், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

"எனக்கு மால போட்டது யாரு?"

நான் எழுந்து நின்றேன். "நான்தாங்க அக்கா."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூவெல்லாம் நல்லாத்தான் வரஞ்சிருக்கற. கொஞ்சம் அவசரப்பட்டுட்ட, அவ்ளோதான்."

சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரித்தார். அண்ணன் தெலுங்கில் ஏதோ சொல்லி அவரை அடக்கப் பார்த்தார். அக்காவும் தெலுங்கிலேயே அதற்குமேல் ஒன்று திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னிடம், "இந்த மனுசன் அந்தத் தாள சட்டப்பையில வெச்சிக்கிட்டே சுத்தறாரு. தொவைக்கப் போடறப்ப நான் எடுத்துப் பாத்தன். தொக்கு பேரு எழுதனது எனக்குப் புடிச்சிருந்துது. அதான் வந்தன்" என்றார்.

பழைய போட்டோவை ஸ்க்ரீனில் திறந்து காட்டச் சொன்னார். யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. நீளப் பின்னல், கொத்தாக மல்லிகை, கழுத்து நிறைய நகை.

"இது நானா? இந்த நக எங்க அக்காளுது. பொடவையும் அவளுதுதான். குந்தாரப்பள்ளிச் சந்தையில எங்கிட்ட தொக்கு வாங்கறவங்க இந்தப் படத்தப் பாத்தா, யாரோ சினிமாக்காரி செய்யறதாட்டம் இருக்குதுன்னு போயிருவாங்க. இப்ப இருக்கற மூஞ்சியப் போடு."

அண்ணன் குறுக்கே வந்தார். "வேணாம்மா, பழசே இருக்கட்டும். ஜனங்க பாக்கறாப்புல இருக்கணுமில்ல?"

"ஏன், இப்ப பாக்கறாப்புல இல்லியா?"

"நான் அப்பிடிச் சொன்னனா?"

"முடி இல்லாததும் நல்லதுக்குத்தான். தொக்குல முடி கெடக்காதுன்னு நம்பி வாங்குவாங்க."

மஞ்சுநாத் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். நான் யார் பேச்சைக் கேட்பது? காசு கொடுப்பவர் அண்ணன். முகம் அக்காவுடையது. மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா அண்ணன் தோளிலிருந்த துண்டை உருவினார். முந்தானையைத் தள்ளிவிட்டு, தோப்பு வேலைக்குப் போகிற பெண்கள் வெயிலுக்குக் கட்டுவது மாதிரி அந்தத் துண்டைத் தலையில் இறுக்கிச் சுற்றி, நுனியைப் பின்னால் சொருகினார். அவ்வளவுதான். வியாதியே தெரியவில்லை. மாங்காய் இறக்கிவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தார்.

"தோப்புல நான் இப்பிடித்தான் இருப்பன். எடு."

ஷட்டர் பக்கம் வெளிச்சம் நன்றாக இருந்தது. அடுக்கி வைத்திருந்த வெள்ளை அட்டைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, என் போனிலேயே எடுத்தேன்.

"சிரிக்கட்டுமா, வேணாமா?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி இருங்கக்கா."

கொஞ்சம் யோசித்தார். "உப்பு பாக்கற மாதிரி இருக்கறன்" என்றார். உதட்டை லேசாகக் குவித்து, கண்ணைச் சுருக்கி, சரியாக இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்கிற முகம். லேபிளில் இருப்பது அந்தப் படம்தான்.

அண்ணனைத் தேடினேன். உள்ளே கட்டிங் மெஷின் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்து, "கலர் ஏத்திராத. வெள்ளையா ஆக்கிராத. சீக்கிரம் குடு, நான் பாக்கணும்" என்றார். 'நான் பாக்கணும்' என்றதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

4. நிறம்

வேலை அங்கேதான் சிக்கியது. முதல் ப்ரூஃபில் முகம் மஞ்சளடித்தது. மருந்தின் மஞ்சளா, இங்க்கின் மஞ்சளா என்று எனக்குப் புரியவில்லை. மஞ்சளைக் குறைத்தால் மெஜந்தா என்கிற சிவப்பு இங்க் தூக்கிக்கொண்டு முகம் சிவந்தது. அதைக் குறைத்தால் சாம்பல் பூத்தது. அந்தச் சாம்பல், செத்தவர் முகத்தின் நிறம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏற்கெனவே ஒரு முறை அபசகுனமாகச் செய்தவள் நான். இந்த முறை எதுவும் தப்பாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஒரு ப்ரூஃப் எடுத்து, ஒவ்வொரு நாளும் கிழித்துப் போட்டேன்.

அண்ணன் போன் செய்தார். "ஆயிருச்சாம்மா? அவ கேட்டுக்கிட்டே இருக்கறா."

"நாளைக்கு ஆயிடும் அண்ணா."

மறுநாளும் அதையே சொன்னேன். சார் என் பின்னால் வந்து நின்றார். "செல்வி, இத நீ இன்னும் நல்லா பண்ணிக்கிட்டே இருக்கலாம். அந்தம்மாவுக்கு அவ்ளோ டைம் இருக்குதா?" என்று கேட்டார். என்னை நகரச் சொல்லிவிட்டு, அவரே ஃபைலை பிரிண்டுக்கு அனுப்பினார்.

நிறம் நன்றாகவே வந்தது. வெயிலில் வெந்த நிறம், அக்கா கேட்ட மாதிரி. நான் முன்பே அச்சுக்கு விட்டிருந்தாலும் அப்படித்தான் வந்திருக்கும்.

அண்ணன் வந்து, எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு தொக்கு பாட்டிலை எடுத்து லேபிள் ஒட்டினார். அவசரத்தில் கோணலாக ஒட்டிவிட்டது. "குடுங்கண்ணா, எடுத்துட்டு வேற ஒட்டித் தரேன்" என்றேன்.

"இருக்கட்டும்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அதை அப்படியே எடுத்துக்கொண்டு பெங்களூர் பஸ் பிடிக்க ஓடினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் நம்பரிலிருந்து போன். எடுத்தால் அக்காவின் குரல், காற்று மாதிரி.

"ஏய் பொண்ணு. பாத்தன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நர்ஸம்மா கேக்கறா, இது யாரு, உங்க தங்கச்சியான்னு. ஆமான்னுட்டன். கோணயா ஒட்டிக் கொண்டாந்திருக்கறாரு பாரு. ஒரு வேல ஒழுங்கா செய்ய மாட்டாரு."

"வேற ஒட்டித் தரேன்னு சொன்னேங்கக்கா..."

"உடு. பின்னால என் பேரு போட்டிருக்கற. தயாரிப்பாளர், ரத்னம்மான்னு. கல்யாணப் பத்திரிகைக்கு அப்பறம் அச்சுல என் பேர இப்பதான் பாக்கறன். அதுல எங்கப்பா பேருதான் பெருசா இருந்துச்சு."

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. அண்ணன் போனை வாங்கி, "தூங்கறா" என்றார்.

5. பெயர் மாற்றம்

அந்த மாங்காய் சீசன் முடிவதற்குள் ரத்னம்மா அக்கா இறந்துவிட்டார். சார்தான் சொன்னார். நான் சாவுக்குப் போகவில்லை. போகிற தைரியம் இல்லை.

கொஞ்ச காலம் கழித்து அண்ணன் வந்தார். மொட்டையடித்த தலையில் அப்போதுதான் முடி முளைத்திருந்தது. தொக்கு நின்றுபோகவில்லையாம். ரத்னம்மாவின் அக்கா, அந்தக் கல்யாணப் போட்டோ நகைக்குச் சொந்தக்காரர், வந்து செய்கிறாராம். ஆனால் உணவு லைசென்ஸ் ரத்னம்மா பேரில் இருந்தது. இறந்தவர் பேரில் நடத்த முடியாது. அண்ணன் பேரில் புதிதாக எடுத்திருந்தார்.

"பின்னால பேர மாத்தணும்மா."

சார் ஏதோ பில்லைப் பார்த்துக்கொண்டே, "டெக்ஸ்ட் சேஞ்ச்தானே? சின்ன வேல, உக்காருங்க, உடனே..." என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்து அண்ணன் முகத்தைப் பார்த்தார். டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

அண்ணன் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஃபைலைத் திறந்தேன். முன்பக்கத்தில் அக்கா உப்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

"படம் இருக்கலாமில்ல?"

"இருக்கலாங்கண்ணா. அது உங்க இஷ்டம். பேர மட்டும்தான் சட்டப்படி மாத்தணும்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கீழ சின்னதா, அவங்க நினைவாகன்னு போடட்டுங்களா?"

அண்ணன் ஸ்க்ரீனில் இருந்த அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"வேணாம்மா. செத்துப்போனவ படம்னு தெரிஞ்சா அந்தத் தொக்க எவன் தொடுவான்? பாக்கறவங்களுக்கு அவ செஞ்சிக்கிட்டு இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

பின்பக்கத்தைப் பெரிதாக்கினேன். தயாரிப்பாளர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அக்காவின் பெயர். மவுஸால் இழுத்து, மொத்தமாகத் தேர்ந்தெடுத்தேன். பெயர்மேல் நீலம் படர்ந்தது. இனி ஒரு கீயைத் தட்டினால் போதும்.

அண்ணன் என் கையைத் தொடவில்லை. கீபோர்டுக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

"கொஞ்சம் மெதுவா அழிம்மா" என்றார்.

தேர்ந்தெடுத்ததை விட்டுவிட்டு, பெயரின் கடைசிக்குப் போய் நின்றேன். ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதல் எழுத்து போகிற வரைக்கும் பார்த்தார். அதற்கப்புறம் அந்த இடத்தில் தன் பெயரை நான் டைப் அடித்ததைப் பார்க்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். ப்ரூஃபை ஸ்க்ரீனில் வைத்து நம்பாதீர்கள், தாளில் எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். காசு கொடுப்பவரிடம் காட்டினால் போதாது, யாருடைய முகமோ அவரிடம் காட்டுங்கள். இன்னும் நன்றாக வரும் என்று நாளைத் தள்ளாதீர்கள். உங்கள் பயம் போவதற்குள் அவர்களுடைய நாள் போய்விடும்.

பெயர் மாற்றும் வேலை எல்லாருக்கும் வரும். அதை எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். அப்போது வீட்டு மனிதர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்காதீர்கள். அவர் பார்த்து முடிக்கிற வேகத்துக்கு, ஒவ்வொரு எழுத்தாகப் போங்கள்.